எர்த்துக் கம்பிக்கு மூன்று கோட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அது வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ஊர் முழுக்க அவரை மூணுகோட்டு என்றுதான் கூப்பிடுகிறது. முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிக்கிறவர். எந்தச் சுவரானாலும், எந்தக் கதவானாலும் மூன்று கோட்டு. "ரெண்டு போதுமே" என்று வீட்டுக்காரர் இழுத்தால், "அப்ப நீங்களே அடிச்சுக்கோங்க" என்று பிரஷ்ஷை அவர் கையில் திணித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுவார். நல்ல வேலைக்காரர். அதை அவரே சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பதில்லை.

துரு என்றால் அவருக்கு ஆகாது. சிலருக்குப் பாம்பு, சிலருக்குக் கரப்பான்பூச்சி, இவருக்குத் துரு. தெருவில் போகும்போது யார் வீட்டு கேட்டிலாவது பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் கால் தானாக நின்றுவிடும். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு துண்டு உப்புத்தாள் இருக்கும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாலு தேய் தேய்த்துவிட்டுத்தான் நகருவார். சொந்த வீட்டில் கேட்கவே வேண்டாம். ஜன்னல் கம்பி, வாளியின் கைப்பிடி, துணிக்கொடி கட்டிய கம்பம், குழாய், ஆணி என்று இரும்பில் செய்த எதுவும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. ஒருமுறை வாசல் பூட்டுக்கும் அடித்துவிட்டார். சாவித்துவாரம் அடைத்துக்கொண்டு, குடும்பமே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றது. அப்போதும் அவர் மனைவியிடம் கேட்டது, "பூட்டு எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா?" என்றுதான். சமையல் செய்யும் இரும்புச் சட்டியை மட்டும் அவள் அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துக் காப்பாற்றி வருகிறாள்.

அவருக்கு இன்னொரு குணமும் உண்டு. முப்பது வருடத்தில் ஒரு நாளும் தப்பு அவர் பக்கம் இருந்ததில்லை. பெயிண்ட் உரிந்தால் சுவரில் ஈரம். நிறம் மாறினால் வெயில். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பார்ப்பவர் கண்ணில் கோளாறு.

மனைவி வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் பெரிய வாஷிங் மிஷின் போட்டு, பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குப் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் துவைத்துக் கொடுக்கிறாள். அறையின் தரை எப்போதும் ஈரம். அந்தத் தண்ணீர் ஓடி வடிவதால் பின்கட்டு மண்ணும் எப்போதும் ஈரம். மத்தியான நேரத்தில் மின்சாரம் போவது அந்தப் பகுதியில் சர்வ சாதாரணமாகிவிட்டது. பாதித் துணி மிஷினுக்குள் நுரையோடு உட்கார்ந்திருக்க, மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன் வரும். அதனால்தான் ஜெனரேட்டர் வந்தது.

ஜெனரேட்டரை மாட்டித் தரும் பொறுப்பு மனைவியின் அண்ணனுடையது. அவர் எலக்ட்ரீஷியன். எந்த வீட்டுக்குப் போனாலும் விசேஷம் விசாரிப்பதற்கு முன்னால், "எர்த்து இருக்கா?" என்று விசாரிக்கிற மனிதர். அவர் வந்து பார்த்து, பழைய ஒயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டு, புதிதாக இழுத்தார். லைன் கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் எந்தக் காலத்திலும் ஒன்றையொன்று சந்திக்காதபடி கைப்பிடி போட்ட சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைத்தார். ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள், கரண்ட் எங்காவது கசிந்தால் தானே விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றும் வைத்தார். கடைசியாக, ஆள் உயரத்துக்கும் மேலான செம்புப் பூச்சுக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்.

"மாப்ள, இதுதான் எர்த்துக் கம்பி. வீட்டுல இருக்கற மிஷின், ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர் எல்லாத்தோட பச்சை ஒயரும் இதுலதான் வந்து சேரும். பின்னாடி ஈரமண்ணுல அடிச்சு இறக்கி வெச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து கிளாம்ப் போட்டு ஒயர இறுக்கி மாட்டிக்கறேன்."

"நீங்க போங்க மச்சான். கம்பிய நான் பாத்துக்கறேன்," என்றார் மூணுகோட்டு.

பார்த்துக்கொண்டார். மச்சான் தெருமுனை திரும்புவதற்குள் கம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செம்பு எத்தனை கோட்டு என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரே கோட்டு. உள்ளே இரும்பு. இதை ஈரமண்ணில் புதைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோதே அவருக்கு உடம்பு கூசியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு கோட்டு மெட்டல் பிரைமர். ஒரு நாள் காயவிட்டு எனாமல். இன்னொரு நாள் காயவிட்டு இன்னொரு எனாமல். எர்த்து ஒயர் பச்சை என்பதால் கம்பிக்கும் பச்சையே அடித்தார். இந்த மாதிரிப் பொருத்தமெல்லாம் சொல்லித்தந்து வருவதில்லை என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார். கிளாம்ப் உட்காரும் இடம் பிசுபிசுக்கக் கூடாது என்று உச்சியில் நான்கு விரல் அளவுக்கு மாஸ்கிங் டேப் சுற்றி, அடித்து முடித்ததும் உரித்தெடுத்தார். சுத்தியலால் அடித்து இறக்கினால் பெயிண்ட் கீறிக்கொள்ளும். ஆகவே இரண்டு நாள் வேர்க்க விறுவிறுக்கக் குழி தோண்டி, கம்பியைக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி உள்ளே இறக்கி, கையால் மண் தள்ளி மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மண்ணுக்கு மேலே நான்கு விரல் அளவுக்குச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. கிளாம்ப் போட்டு முடுக்கினார். எர்த்து அளக்கும் மீட்டரை அவரோடு தொழில் செய்யும் ஒருவர் இரவல் வாங்கிப் போயிருந்தார். ஊரான் வீடாயிருந்தால் மீட்டர் வரும்வரை ஜெனரேட்டரைத் தொடவே விட்டிருக்க மாட்டார். தங்கச்சி வீடுதானே, அடுத்த வாரம் வந்து அளந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்த அடுத்த வாரம் வருவதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

முதல் சில வாரம் ஜெனரேட்டர் ராஜாங்கம்தான். தெருவே விசிறிக்கொண்டு கிடக்க, இவர் வீட்டில் மட்டும் மிஷின் சுற்றும். பிறகு ஒரு மத்தியானம் மனைவி கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"மிஷின்ல கை வெச்சா சுருக்குனு இழுக்குதுங்க. ஜெனரேட்டர் ஓடும்போதுதான் இழுக்குது."

"அது நரம்பு. ரொம்ப நேரம் துணி பிழிஞ்சா அப்படித்தான் இருக்கும்."

"மிஷின்தானே பிழியுது?"

"சோப்புத் தண்ணி ஒத்துக்கலையோ என்னவோ."

அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் கதவிலும் இழுக்கிறது என்றாள். அவர் பொறுமையாக அவளைப் பெட்டியருகே கூட்டிப்போய், கசிவு சுவிட்சைக் காட்டிப் பாடம் எடுத்தார். "கரண்ட் கசிஞ்சா இது விழணும். விழுந்துச்சா? விழல. அதனால கசியல." அதோடு விடாமல், சுவிட்சில் இருந்த சோதனைப் பட்டனையும் அழுத்தினார். சுவிட்ச் டக்கென்று விழுந்தது. "பாரு, நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் பிரமை. உங்கண்ணன் எர்த்து எர்த்துன்னு சின்ன வயசுலேர்ந்து பயமுறுத்தி வெச்சிருக்காரு."

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஆனால் அவரிடம் காட்டிய கவனிப்பு மட்டும் கூடிப்போயிற்று. அவர் வேலையிலிருந்து வந்து, பின்கட்டில் கை கால் கழுவி, சொட்டச் சொட்ட வெறுங்காலோடு உள்ளே நுழையும்போதே எதிரில் குளிர்ந்த தண்ணீரோடு நிற்பாள். ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாலே, "உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்பாள். பின்னறையில் துணி எடுக்கக்கூட விடுவதில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெனரேட்டர் வாங்கின பிறகுதான்யா வீட்டுல மரியாதையே கிடைக்குது" என்று டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. வெளியூரில் வாக்கப்பட்டவள், பத்து மாதக் குழந்தையோடு ஒரு மாதம் வந்து தங்குவதாக இருந்தது. மூணுகோட்டு அந்தக் குழந்தையைப் பிறந்தபோது பார்த்ததோடு சரி. வரப்போகும் பேத்திக்காக முன்னறைக்கு இளம் மஞ்சள் அடித்து, வாசனை போக இரண்டு வாரம் ஜன்னலைத் திறந்து போட்டிருந்தார். குழந்தை இப்போது தவழ்கிறதாம், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறதாம். மனைவி அதைக் கேட்டுவிட்டு, அவர் காதுபடவே போனில் சொன்னாள்: "இப்ப வர வேணாம்மா. நான் சொல்றப்ப வா."

மனிதர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரக் கேட்டு வர வேணாம்னு சொன்ன?"

"அது மிஷினப் புடிச்சுட்டு நிக்கும். ஃபிரிட்ஜப் புடிச்சுட்டு நிக்கும். நான் எத்தனை பக்கம் ஓடறது?"

"ஒரு பிரமைக்காகப் பேத்திய வரவிடாம பண்ணுவியா?"

"பிரமைன்னே இருக்கட்டும். அந்தப் பிரமை எனக்குப் போற வரைக்கும் அவ வர வேண்டாம்."

கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். அவள் இம்மியும் அசையவில்லை. மஞ்சள் அறையின் ஜன்னல் சும்மா திறந்து கிடந்தது. மூன்று வாரம் கழித்து, அவள் வாயை அவள் அண்ணனை வைத்தே அடைப்பது என்று முடிவு செய்து மச்சானுக்குப் போன் போட்டார். "வந்து மீட்டர வெச்சு அளந்து, ஒண்ணுமில்லன்னு உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மச்சான். எனக்கு என் பேத்தி வரணும்."

மறுநாள் காலையிலேயே மச்சான் மீட்டர்களோடு வந்து சேர்ந்தார். ஜெனரேட்டரை ஓடவிட்டு, மிஷினின் உடம்பில் ஒரு முனையும் ஈரத் தரையில் ஒரு முனையுமாக வைத்தார். முள் நூற்றைம்பது வோல்ட்டைத் தாண்டி நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தாவிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"எத்தனை நாளா இழுக்குது?" என்று தங்கையைக் கேட்டார்.

"ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்ணே."

அடுத்து எர்த்துக் கம்பியை அளக்கப் போனார். மீட்டர் என்னவோ, அங்கே கம்பியே இல்லை என்பது போலக் காட்டியது. மச்சான் மீட்டரைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார், இரவல் வாங்கிப்போன ஆளைத் திட்டினார். பிறகு பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு அவர்கள் எர்த்தை அளந்தார். அங்கே ஒழுங்காகக் காட்டியது. திரும்பி வந்து மண்ணில் துருத்திக்கொண்டிருந்த நான்கு விரல் செம்பையே முறைத்துப் பார்த்தார்.

"மாப்ள, கீழ கம்பி முழுசா இருக்குல்ல?"

"என்ன மச்சான் இப்படிக் கேட்டுட்டீங்க? தோண்டிப் பாருங்க. அந்த மாதிரி வேலைய நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. மண்வெட்டியை அவரே எடுத்துவந்து, அவரே ஆர்வமாகத் தோண்டினார். நாலு வெட்டு விழுந்ததும் செம்புக்குக் கீழே மீதிக் கம்பி தெரிந்தது. மூன்று மாதம் ஈரமண்ணில் கிடந்தும் நேற்றுக் கடையில் வாங்கியது போல மினுமினுவென்று பச்சையாக நின்றது. மூணுகோட்டு உட்கார்ந்து, விரலால் மண்ணைத் துடைத்துவிட்டார்.

"ஒரு புள்ளி துரு இருக்கா பாருங்க மச்சான்."

மச்சான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை கோட்டு?" என்றார் கடைசியில்.

"மூணுதான். பிரைமரையும் சேத்து."

"மாப்ள, இந்தக் கம்பிக்கு இருக்கறது ஒரே வேலை. மண்ணத் தொட்டுக்கிட்டு இருக்கணும். நீங்க அதுக்குச் சட்டை தெச்சுப் போட்டு இறக்கியிருக்கீங்க."

"பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே?"

"கம்பியக் கடிச்சுத் தின்னக் கூடாதுன்னும் நான் சொல்லல."

அதற்குமேல் மச்சானாலும் கத்த முடியவில்லை. "மீட்டர் வெச்சுப் பாக்காமப் போனது என் தப்பு. மூணு மாசம். என் தங்கச்சி வீடு," என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

வண்டியிலிருந்து புதுக் கம்பி வந்தது. மூணுகோட்டின் கைக்குப் போகாமல் நேராக மண்ணுக்குப் போனது. மச்சான் பிடித்துக்கொள்ள, மூணுகோட்டுதான் சுத்தியலால் அடித்து இறக்கினார். ஒவ்வொரு அடிக்கும் அவருக்கு வலித்தது போலிருந்தது. கிளாம்ப் போட்டாயிற்று. அளந்தாயிற்று. மீட்டர் சரியாகக் காட்டியது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, மச்சான் சுவிட்சை மேலே தள்ளினார். டக்கென்று விழுந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி விழுந்தது.

"இத்தனை நாள் நல்லா ஓடிட்டிருந்துச்சு. இப்பக் கெடுத்துட்டீங்களே மச்சான்?"

"இப்பத்தான் மாப்ள நல்லா ஆகியிருக்கு. எங்கயோ கரண்ட் மண்ணுல கசியுது. கம்பி மண்ணத் தொட்டவுடனே கசிவு அது வழியாத் திரும்பிச்சு, சுவிட்ச் கண்டுபிடிச்சிடுச்சு. இத்தனை நாளும் அதுக்கு ஜெனரேட்டருக்குத் திரும்பிப் போக வழி இல்ல. எவராவது மிஷினத் தொட்டா அவங்க உடம்பு வழியாப் பச்சை ஒயருக்குப் போகலாம்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு."

"பட்டன அமுக்கினா விழுந்துச்சே?"

"பட்டன் சுவிட்ச மட்டும்தான் சோதிக்கும். மண்ணுக்குள்ள இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?"

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, அதிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ஈரமண்ணில் ஓரிடத்தில் ஒயரின் தோல் நசுங்கிக் கிழிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. பக்கத்தில் மண்ணில் இரண்டு சதுரப் பள்ளம். அவை ஏணியின் கால்கள் என்று சொல்ல எலக்ட்ரீஷியன் தேவையில்லை. ஜெனரேட்டர் வந்த மறுமாதம் பின்சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது மூணுகோட்டு ஏணியை ஒயரின் மேலேயே வைத்து ஏறியிருக்கிறார்.

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவருக்குச் சுவரையோ வெயிலையோ கைகாட்ட வழியில்லாமல் போயிற்று. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அதே ரப்பர் செருப்போடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"இழுக்குதுன்னு தெரிஞ்சுச்சுல்ல. பின்ன ஏன் திரும்பத் திரும்பத் தொட்ட?"

"நீங்க ஈரக்கையோட வெறுங்கால்ல வந்து நேரா ஃபிரிட்ஜத்தான் தொறப்பீங்க. சொன்னாக் கேக்கவும் மாட்டீங்க. நீங்க வர்ற நேரம் ஜெனரேட்டர் ஓடிச்சுன்னா, செருப்போட போயிப் புறங்கையால ஒரு தடவை தொட்டுப் பாத்துப்பேன். அன்னிக்கு எவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சா, உங்கள எங்க நிறுத்தணும்னு தெரியும்ல."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றாட வேலைகளில் ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். எதிரில் வந்து நின்ற தண்ணீர், உக்காருங்க என்ற சொல், டீக்கடையில் அவர் அளந்த பெருமை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, மூணுகோட்டை வெட்கம் பிடுங்கித் தின்றது. மண்வெட்டியைக் கொண்டுபோய் மூலையில் வைத்தார்.

மத்தியானத்துக்குள் புது ஒயர் போட்டு, அதை இரும்புக் குழாய்க்குள் நுழைத்து, ஆள் மிதிக்காத உயரத்தில் சுவரோடு ஏற்றியாயிற்று. அந்தக் குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கலாமா என்று மூணுகோட்டு ஈனசுரத்தில் கேட்டார். அதற்கு எத்தனை கோட்டு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்று மச்சான் அனுமதி கொடுத்தார். ஜெனரேட்டர் ஓடியது. சுவிட்ச் விழவில்லை. மிஷினிலும் ஃபிரிட்ஜிலும் மீட்டரின் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. மச்சான் மூன்று முறை அளந்து மூன்று முறையும் தங்கையிடம் காட்டினார்.

மூணுகோட்டு கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா பேசறேம்மா. அம்மா வர வேணாம்னு சொன்னது சரிதான். தப்பு என்னுது. எர்த்துக் கம்பிக்குப் பெயிண்ட் அடிச்சிட்டேன்."

மறுமுனையிலிருந்து உடனே கேள்வி வந்தது.

"எத்தனை கோட்டுப்பா?"

"மூணு."

அவள் சிரித்த சிரிப்பு பின்கட்டு வரை கேட்டது. சிரித்து முடித்து, "இப்ப சரியாயிடுச்சா? நாங்க வரலாமாப்பா?" என்று கேட்டாள்.

வா என்ற சொல் அவர் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூன்று வாரமாக வீட்டை ரணகளமாக்கியிருந்தார். அதை விழுங்கிக்கொண்டார்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா. அம்மா எப்ப வான்னு சொல்றாளோ, அப்ப வா," என்று போனை மனைவியிடம் நீட்டினார்.

அவள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்னறையின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்துபோய், ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த மிஷினின் மேல் உள்ளங்கை முழுவதும் படும்படி கையை வைத்தாள். மச்சான், மீட்டர்தான் காட்டிவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீட்டரைப் பைக்குள் வைத்தார். அவள் கையை எடுக்காமல் அப்படியே நெடுநேரம் நின்றாள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே ஏறி வந்துடும்மா," என்றாள்.